யார் கேட்க வேண்டிய வினா?

போரைப் பற்றிய திரைப்படம் என்றதும் பீரங்கி முழக்கமும் படைகளின் அணிவகுப்பும் நம் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. 1977ஆம் ஆண்டில் லொரான் ஐனெமான் இயக்கிய ‘லா கெஸ்தியோன்’ என்னும் பிரெஞ்சுப் படம் வேறு வகையானது. அதன் போர்க்களம் நான்கு சுவர்களுக்குள் அடங்கியது. ஒரு புறம் பட்டாளத்தார். மறு புறம் தனியொரு பத்திரிகாசிரியர். படத்தின் பெயருக்கு ‘வினா’ என்பது பொருள். சித்திரவதை செய்து விசாரிப்பதையும் பழைய பிரெஞ்சு மொழி அதே சொல்லாலேயே குறித்தது.

கதை கற்பனையன்று. பிரான்சின் ஆட்சியை எதிர்த்து அல்ஜீரிய மக்கள் 1954 முதல் 1962 வரை போராடினர். அந்நாட்டில் ஒரு தினசரியை நடத்தி வந்தவர் ஆன்ரி அலெக். அவருடைய பத்திரிகை 1955இல் தடைசெய்யப்பட்டது. 1957 ஜூன் மாதத்தில் பட்டாளத்தார் அவரைப் பிடித்து, ஒரு மாத காலம் வதைத்தனர். தலைமறைவாக இருந்தபோது அடைக்கலம் தந்தவர் யார் என்பதே அவர்கள் கேட்ட வினா. அலெக் வாய் திறக்கவில்லை. பின்னர் சிறையிலிருந்தபடியே நடந்ததையெல்லாம் எழுதினார். தாள்கள் இரகசியமாக வெளியே சென்றன. 1958 பெப்ரவரியில் பாரிஸ் நகரில் நூலாக வெளிவந்ததை அரசாங்கம் அடுத்த மாதமே பறிமுதல் செய்தது. அந்நூலே படத்துக்கு ஆதாரம்.

அலெக் உயிர் தப்பினார். அவருக்கு முதல் நாள் கைதான மொரிஸ் ஓதான் என்னும் 25 வயதுக் கணித ஆசிரியர் வீடு திரும்பவேயில்லை. அவர் தப்பியோடிவிட்டார் என்றே அவருடைய மனைவிக்குச் சொல்லப்பட்டது. அரசே அவருடைய சாவுக்குப் பொறுப்பு என்று பிரெஞ்சு ஜனாதிபதி ஒப்புக்கொண்டது 2018இல்; அதாவது 61 ஆண்டுகளுக்குப் பின்னர்!

தூரதேசத்துச் செய்திதானே என்று நாம் இதனைத் தள்ளிவிடுவதற்கில்லை. ரம்புக்கனைக்கு வடக்கே அண்மையிலுள்ள குருணாகலும், கண்டிக்கு அப்பாலுள்ள மாத்தளையும் 1848இல் இதுபோன்றதொரு சோதனையைக் கண்டவை. நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாகவே கோப்பித் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. கோப்பியின் விலை வீழ்ந்து, அரசாங்கத்தின் வருமானமும் குறைந்தது. தேசாதிபதி டொரிங்டன் பிரபு குடிமக்கள்மீது புதிய வரிகளைச் சுமத்தினார். துப்பாக்கிக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ். நாய்க்கு 1 ஷில்லிங். அவற்றுடன் வீதி வேலைக்கு ஆண்டில் 6 நாள் உழைப்பு, அல்லது அதற்கு ஈடாகப் பணம்.

அந்நாளில் ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகையின் ஆசிரியராக விளங்கியவர் டாக்டர் கிறிஸ்தோபர் எலியட். அயர்லாந்தில் பிறந்த மருத்துவர். மக்களுக்குப் பிரதிநிதித்துவம் இல்லாத நாட்டில் இவ்வரிகள் நியாயமல்ல என வாதிடும் கடிதமொன்று, ‘ஆங்கிலேயன்’ என்னும் புனைபெயருடன் ஜூலைத் தொடக்கத்தில் அப்பத்திரிகையில் வெளிவந்தது. அது சிங்களத்தில் பெயர்க்கப்பட்டு மலைநாடெங்கும் பரவியது. அம்மாத இறுதியில் கிளர்ச்சி மூண்டது. கிளர்ச்சிக்காரர் கொங்காலேகொட பண்டாவை மன்னராக முடிசூட்டினர். உடனே இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று.

கிளர்ச்சி சில நாட்களில் அடங்கிற்று. இராணுவச் சட்டமோ ஒக்டோபர் வரை நீடித்தது. ஆகஸ்ட் 8இல் புரன் அப்பு சுட்டுக்கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 26இல் குடாபொல தேரர் காவியுடையுடனேயே சுடப்பட்டார். அத்தண்டனையைத் தள்ளிவைக்குமாறு அரசாங்கத்தின் தலைமை வழக்குரைஞரே கேட்டும் தேசாதிபதி இணங்கவில்லை.

குற்றம் யாருடையது? பத்திரிகை மூட்டிய தீ என்றது தேசாதிபதியின் தரப்பு. எலியட்டோ தேசாதிபதியின் கொடுமைகளைக் கண்டித்து எழுதுவதை நிறுத்தவில்லை. விஷயம் கடல் கடந்து பிரித்தானியப் பாராளுமன்றத்தின் விசாரணைக்கு வந்தது. 1850இல் டொரிங்டன் பதவியிழந்து திரும்பினார். நாய்க்கும் துப்பாக்கிக்கும் விதித்த வரிகள் கைவிடப்பட்டன.

அலெக் தம் உடலில் பட்ட துன்பத்தை எலியட் படவில்லை. வெள்ளையர் என்ற பாதுகாப்பு அவருக்கு இருந்தது. தேரருக்கும் புரன் அப்புவுக்கும் அது இல்லை. இவ்வேறுபாட்டை நாம் மறத்தல் ஆகாது. ஆயினும், ஆட்சியாளர் மறைக்க விரும்பியதை எழுதிவைத்தவர்கள் இருந்தமையாற்றான் இரு நாடுகளிலும் பிற்காலத்தில் கணக்குக் கேட்க முடிந்தது.

ஆகவே, ஞாயிறு காலையில் பத்திரிகையை விரிக்கும்போது, “எழுதியவர் எதைக் கண்டு எழுதினார்? எதை எழுதாமல் விட்டார்? ஏன்?” என்று கேட்க நம் பிள்ளைகளைப் பழக்குவோமாக. வினா எழுப்புவது அதிகாரிக்கு மட்டும் உரிய உரிமையன்று, வாசகருக்கும் உரியதே.