பேப்பர் கிராஃப்ட், கொலாஜ் வேலைக்கு எது சரி? கட்டரா, கட்டிங் மெஷினா?

கம்ப்யூட்டரில் டிசைன் வரைந்து, பிரிண்டரில் அச்சிட்டு, கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டுவது பல வீடுகளில் நடக்கும் வேலைதான். இதில் வெட்டும் வேலையையும் கம்ப்யூட்டரிடமே ஒப்படைக்க மெஷின்கள் உள்ளன. பார்ப்பதற்கு இங்க்ஜெட் பிரிண்டர் போலவே இருக்கும். இங்க் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறிய பிளேடு இருக்கும். கிரிகட், சில்லவெட், பிரதர் ஆகிய நிறுவனங்களின் மாடல்கள் இதில் பிரபலமானவை. விலை பெரும்பாலும் ஒரு வீட்டு பிரிண்டரின் விலையைத் தாண்டிவிடும். அவ்வளவு பணம் கொடுக்கும் முன் நமக்கு அது தேவைதானா, தேவை என்றால் எதைப் பார்த்து வாங்குவது என்று பார்ப்போம்.

மெஷின் எப்படி வெட்டுகிறது?

ஒரு மோட்டார் தாளை முன்னும் பின்னும் நகர்த்தும். இன்னொன்று பிளேடை இடமும் வலமும் நகர்த்தும். இரண்டும் சேர்ந்தால் எந்த வளைவையும் வெட்டலாம். பிளேடு தன் பிடியில் தானாகவே சுழலும். கோடு திரும்பும் பக்கம் அதன் முனையும் திரும்பிக்கொள்ளும். தாள் அசையாமல் இருக்க, அதைப் பசையுள்ள ஒரு மேட்டின் மீது ஒட்டி உள்ளே அனுப்ப வேண்டும்.

இதிலிருந்தே மெஷினின் எல்லையும் தெரியும். தட்டையான, ஒரே தடிமனுள்ள, அசையாமல் ஒட்டிக்கொள்ளும் பொருளை மட்டுமே அது நன்றாக வெட்டும். சார்ட் அட்டை, 200 முதல் 300 ஜி.எஸ்.எம். வரையுள்ள கார்டு, ஸ்டிக்கர் தாள் ஆகியவை இதற்குப் பொருத்தமானவை. கொலாஜில் இவற்றுடன் துணி, சணல், ஜிகினாத் தாள், பெட்டி அட்டை, பழைய செய்தித்தாள் எல்லாம் சேரும். சணலும் நார் நீட்டிக்கொண்டிருக்கும் கைவினைத் தாளும் பிளேடில் சிக்கி இழுபடும். ஏற்கெனவே பல அடுக்காக ஒட்டியதை மெஷினுக்குள் அனுப்பவே கூடாது. மேடுபள்ளம் உருளையில் மாட்டும், பசை பிளேடில் அப்பிக்கொள்ளும். மெஷின் வைத்திருப்பவர்களும் தேவையான துண்டுகளை முதலில் வெட்டி வைத்துக்கொண்டு, ஒட்டும் வேலையைப் பிறகு கையால் செய்வதே நல்லது.

கையால் வெட்டும் கருவிகள்

கத்தரிக்கோல்: துணிக்கு ஒன்று, தாளுக்கு ஒன்று எனத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தாள் தயாரிப்பில் சுண்ணாம்பு, களிமண் போன்ற தாதுப் பொடிகளைச் சேர்ப்பதால், தாளை வெட்ட வெட்டக் கத்தரியின் கூர் மழுங்கும். பிறகு அது துணியைக் கடிக்குமே தவிர வெட்டாது. வளைவை வெட்டும்போது கத்தரியைத் திருப்பாமல் தாளைத் திருப்புங்கள். மெல்லிய டிஷ்யூ தாளை இரண்டு சாதாரணத் தாள்களுக்கு நடுவில் வைத்து வெட்டினால் கிழியாது.

ஒடிக்கும் பிளேடு கட்டர்: ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த யோஷியோ ஒகாடா 1956-ல் உருவாக்கியது. அந்த நிறுவனம்தான் இன்றைய ஓல்ஃபா. மழுங்கிய முனையை ஒடித்தால் அடுத்த கூர் வந்துவிடும். தாளுக்கும் கார்டுக்கும 9 மி.மீ. பிளேடு போதும். பெட்டி அட்டைக்கும் பைண்டிங் அட்டைக்கும் 18 மி.மீ. வேண்டும். தடித்த அட்டையை ஒரே அழுத்தில் வெட்ட முயலாதீர்கள். ஸ்டீல் ஸ்கேலை வைத்து லேசாக நான்கைந்து முறை இழுத்தால் ஓரம் சுத்தமாக வரும். பிளாஸ்டிக் ஸ்கேல் இதற்கு ஆகாது. பிளேடு அதைச் சீவிவிட்டு விரலுக்கு வரும்.

சர்ஜிகல் பிளேடு: நுணுக்கமான உள்வெட்டுகளுக்கு இதைவிட நல்ல கருவி கிடைப்பது கடினம். 3-ம் எண் கைப்பிடியும் 11-ம் எண் பிளேடும் மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும். பிளேடை மாற்றும்போது விரலால் பிடிக்காமல் குறடால் பிடியுங்கள். பழைய பிளேடுகளைக் குப்பையில் போடாமல், மூடியுள்ள டப்பாவில் சேர்த்து வையுங்கள்.

இவற்றுடன் ஒரு கட்டிங் மேட்டும் வாங்கிவிட்டால் கொலாஜ் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். மேட்டை வெயிலில் வைக்காதீர்கள், சூடான பாத்திரத்தை அதன் மேல் வைக்காதீர்கள். வளைந்துவிட்டால் பழையபடி ஆகாது.

மெஷின் எப்போது தேவை?

ஒரே வடிவம் பல எண்ணிக்கையில் வேண்டும்போது தேவை. பிறந்தநாளுக்கு 60 பெயர் அட்டைகள், பள்ளி விழாவுக்கு 200 பூக்கள் என்றால் கை வலிக்கும். முதல் பூவும் கடைசிப் பூவும் ஒன்றுபோல் இருக்காது. ஒவ்வொன்றும் வேறு வேறாக இருக்கும் கொலாஜ் படங்களை மாதம் ஒன்று செய்பவருக்கு, டிசைனைக் கம்ப்யூட்டரில் தயாரிக்கும் நேரத்துக்குள் கையாலேயே வெட்டி முடிந்துவிடும்.

விளம்பரங்களில் வெட்டும் விசையைக் கிராம் கணக்கில் சொல்வார்கள். 2017-ல் வந்த கிரிகட் மேக்கர் 4,000 கிராம் விசை கொண்டது. தடித்த பொருளுக்கான தனி பிளேடைப் பொருத்தினால் 2.4 மி.மீ. வரை வெட்டும். துணிக்கு உருளும் பிளேடும் உண்டு. 2019-ல் வந்த சில்லவெட் கேமியோ 4 மாடலின் ஒரு பிடி 5,000 கிராம் வரை தரும். தாளும் கார்டும் மட்டுமே வெட்டுபவருக்கு இவ்வளவு விசை வேண்டாம். சில நூறு கிராம் தரும் சிறிய மாடலே போதும். பிரதர் நிறுவனத்தின் ஸ்கேன்என்கட் மாடல்களில் ஸ்கேனரும் உள்ளதால், கையால் வரைந்த படத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் இல்லாமலேயே வெட்டலாம்.

லேசர் மெஷின் வாங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. லேசர், தாளை எரித்துத்தான் வெட்டுகிறது. ஓரம் பழுப்பாகும், புகை வரும், தீப்பிடிக்கவும் கூடும். ரெக்சின், வினைல் போன்ற பி.வி.சி. பொருள்களை லேசரில் வெட்டவே கூடாது. வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு நுரையீரலைப் பாதிக்கும், மெஷினையும் அரித்துவிடும்.

சாஃப்ட்வேரைப் பார்க்காமல் வாங்காதீர்கள்

கடையில் எல்லோரும் பிளேடைப் பற்றியே கேட்கிறார்கள். கேட்க வேண்டியது சாஃப்ட்வேரைப் பற்றி. பிளேடு மழுங்கினால் மாற்றலாம். சாஃப்ட்வேர் நின்றுவிட்டால் மெஷினை என்ன செய்வது?

கிரிகட் நிறுவனம் தன் பழைய மாடல்களுக்கான கிராஃப்ட் ரூம் என்ற சாஃப்ட்வேரை 2018 ஜூலையில் மூடியது. அதை நம்பியிருந்தவர்களின் மெஷின்கள் நன்றாக இருந்தும், கார்ட்ரிட்ஜில் உள்ள வடிவங்களை மட்டும் வெட்டும் நிலைக்குப் போயின. 2021 மார்ச்சில், சந்தா கட்டாதவர்கள் சொந்தப் படங்களை மாதம் 20 மட்டுமே ஏற்றலாம் என்று அதே நிறுவனம் அறிவித்தது. வாடிக்கையாளர்களின் எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதமே அதைக் கைவிட்டது. அந்த மெஷின்களில் நிறுவனத்தின் டிசைன் ஸ்பேஸ் சாஃப்ட்வேர் வழியாகவே வெட்ட வேண்டும் என்பதால், இத்தகைய முடிவுகள் நேராக உங்கள் மேஜைக்கு வந்துவிடும்.

சில்லவெட் மெஷின்களுடன் வரும் ஸ்டுடியோ சாஃப்ட்வேரை இன்டர்நெட் இல்லாமலும் பயன்படுத்தலாம். இதன் இலவசப் பதிப்பு டி.எக்ஸ்.எஃப். ஃபைல்களைத் திறக்கும். இங்க்ஸ்கேப் என்ற இலவச சாஃப்ட்வேரிலிருந்து இந்த மெஷின்களுக்கு நேரடியாக அனுப்பும் எக்ஸ்டென்ஷனும் உண்டு. நீங்கள் எந்த மெஷின் வாங்கினாலும் டிசைன்களை இங்க்ஸ்கேப்பில் வரைந்து எஸ்.வி.ஜி. ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள். நாளை மெஷினை மாற்றினாலும் உழைப்பு வீணாகாது. ஜேபெக் போட்டோவை மெஷின் அப்படியே வெட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். இங்க்ஸ்கேப்பில் டிரேஸ் பிட்மேப் கட்டளை மூலம் அதைக் கோடுகளாக மாற்றிய பிறகே வெட்ட முடியும்.

வாங்கும் முன் ஒரு சோதனை

கடந்த ஆறு மாதங்களில் நீங்கள் வெட்டிய பொருள்களை ஒரு தாளில் எழுதுங்கள். எது தட்டையானது, எது ஒரே வடிவில் பல எண்ணிக்கையில் தேவைப்பட்டது என்று குறியுங்கள். இரண்டு குறியும் பெற்றவை பாதிக்கும் மேல் இருந்தால் மெஷின் வாங்கலாம். அப்போது உங்கள் டிசைன் ஒன்றையும், நீங்கள் பயன்படுத்தும் அட்டையையும் கடைக்கே எடுத்துச் சென்று வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிளேடும் மேட்டும் உங்கள் ஊரில் கிடைக்குமா, ஒவ்வொன்றும் என்ன விலை என்றும் கேளுங்கள். இவை அடிக்கடி மாற்ற வேண்டியவை.

பட்டியலில் துணியும் சணலும் பெட்டி அட்டையுமே அதிகம் என்றால், நல்ல கத்தரிகள் இரண்டு, 9 மற்றும் 18 மி.மீ. கட்டர்கள், சர்ஜிகல் பிளேடு, ஸ்டீல் ஸ்கேல், கட்டிங் மேட் ஆகியவற்றை இன்றே வாங்கிவிடுங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல தாள்களை வாங்கலாம்.