மேற்கூரை திறக்கும் பழைய கார்: வீட்டிலேயே புதுப்பிக்க விரும்புவோருக்கு

நெய்யாறு பூவாற்றில் கடலோடு கலக்கிறது. அக்கழிமுகத்திற்கு அருகிலுள்ள திருப்புறம், தமிழும் மலையாளமும் ஒருங்கே புழங்கும் நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு விழுந்த பின்னரும் களியக்காவிளைச் சாலையில் மக்களும் சரக்குகளும் போய்வருவது குறையவில்லை. சென்னையிலோ நாகர்கோவிலிலோ ஓடி ஓய்ந்த பழைய கார் ஒன்று இப்பகுதி வீட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்வது எளிது. அதை மீண்டும் சாலையில் ஓடவைப்பதுதான் கடினம்.

அவ்வாறு வரும் கார் மேற்கூரை திறக்கும் வகையாக இருந்தால் ஆசையும் செலவும் ஒருசேரப் பெருகும். அத்தகைய காரைப் புதுப்பிக்க எண்ணும் வாடிக்கையாளர்கள் பணத்தையும் உழைப்பையும் எந்த வரிசையில் செலவிட வேண்டும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வண்ணமும் துணிக்கூரையும் கடைசியில் வருபவை. ஆவணங்களும் அடித்தட்டுமே முதலில் வருபவை.

கூரை இல்லாத காரின் பலம்

மூடிய காரில் கூரையும் உடற்பகுதியின் பாரத்தைப் பகிர்ந்து தாங்குகிறது. கூரையை நீக்கினால் அந்தப் பாரம் முழுவதும் தரைத்தட்டுக்கும், கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டி வடிவ விளிம்புகளுக்கும் சேர்கிறது. துருப்பிடிப்பதும் பெரும்பாலும் அவ்விடங்களில்தான்.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமான மோரிஸ் மைனர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொடக்கத்திலிருந்தே மூடிய வகை, துணிக்கூரை வகை என இரண்டும் விற்பனைக்கு வந்தன. அதற்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது; உடலே சட்டமாகவும் இயங்குகிறது. ஆகவே துணிக்கூரை வகையின் அடிப்பகுதியில் கூடுதல் வலுவூட்டல் அமைக்கப்பட்டது. அப்பகுதி அரித்துப்போனால் காரின் நடுப்பகுதி தொய்ந்துவிடும்.

சென்னைக்கு நெருக்கமான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் அமைப்பு வேறு. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலோட்டியின் கைவண்ணத்தில் 1959இல் பிரிட்டனில் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டை, 1961 முதல் சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்தது. 1968இல் வந்த நான்கு கதவு கொண்ட மூன்றாம் வகை இந்தியாவிற்கென்றே உருவானது. ஹெரால்டுக்குத் தனி அடிச்சட்டம் உண்டு. அதன் கூரை போல்ட்டுகளால் பொருத்தப்பட்டது. பிரிட்டனில் இதே அமைப்பில் துணிக்கூரை வகையும் விற்கப்பட்டது. இவ்வசதியே நம் நாட்டில் ஒரு சபலத்தையும் உண்டாக்குகிறது. கூரையைக் கழற்றிவிட்டு, 'இது திறந்த கார்' என்று விற்பவர்களும் உண்டு.

வாங்குவதற்கு முன் ஓர் எளிய சோதனை செய்யலாம். கதவுக்கும் உடலுக்கும் இடையிலான இடைவெளியை மேலும் கீழும் அளந்து பாருங்கள். அது ஒரே சீராக இல்லாவிடில் காரின் நடுப்பகுதி தொய்ந்திருக்கக்கூடும். பின்னர் காரை ஜாக்கியால் சற்றே உயர்த்தி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். முன்பு எளிதாக மூடிய கதவு இப்போது உரசினாலோ சிக்கினாலோ அடிப்பகுதி பலமிழந்துவிட்டது என்று பொருள். பளபளக்கும் வண்ணம் இதை மறைக்க இயலாது.

முதலில் ஆவணங்கள்

பதிவுச் சான்றில் உள்ள சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் காரில் பொறிக்கப்பட்டுள்ள எண்களோடு ஒத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவுகொண்ட கார் கேரளத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கப்பட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி இங்குள்ள அலுவலகத்தில் புதிய பதிவெண் பெற வேண்டும். அதற்கு முந்தைய அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. நெய்யாற்றின்கரை அலுவலகத்தின் வரிசை கேஎல் 20. பாறசாலையின் வரிசை கேஎல் 19. பழைய உரிமையாளர் உயிருடன் இல்லாவிடில் வாரிசுகளின் ஒப்புதலையும் முன்கூட்டியே பெறுவது நன்று. ஒரு நட்டைக் கழற்றுவதற்கு முன்பே இவையனைத்தும் முடிந்திருக்க வேண்டும். பெயர் மாற்ற இயலாத காருக்குச் செலவிட்ட பணம் திரும்ப வராது.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் செய்யப்பட்ட திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்களைப் 'பழம்பெரும் வாகனம்' என்று தனியே பதிவுசெய்ய வழிவகுத்தது. மாநிலக் குறியீட்டுக்குப் பின் 'விஏ' என்ற எழுத்துகளைத் தாங்கிய பதிவெண் இதற்கு வழங்கப்படும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய்.

இதில் இரண்டு நிபந்தனைகளை ஆழ்ந்து நோக்க வேண்டும். வாகனம் தன் மூல வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும்; சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்பது முதல் நிபந்தனை. மூடிய ஹெரால்டின் கூரையைக் கழற்றித் திறந்த காராக்குவது இந்த இடத்திலேயே தடுமாறும். அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ அக்காரைச் சாலையில் ஓட்டக் கூடாது என்பது இரண்டாவது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றிற்கே அனுமதி உண்டு. நாள்தோறும் ஓட்ட விரும்புவோர் வழக்கமான பதிவைப் புதுப்பித்துக்கொள்வதே பொருத்தம்.

மூல வடிவம் எப்படி இருந்தது என்பதை அறியக் கோயம்புத்தூரில் 2015இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகத்தை ஒருமுறை பார்த்து வரலாம். கைப்பிடி, விளக்கு வளையம், இருக்கைத் தையல் ஆகியவற்றை அங்கே நேரில் கண்டபின் உதிரிபாகங்களைத் தேடினால் தவறான பொருளுக்குப் பணம் கொடுக்க நேராது.

பணியின் வரிசை

திருப்புறம் போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே உப்பு உண்டு. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. எனவே பணிகளைப் பருவத்தோடு பொருத்திக்கொள்வது அறிவுடைமை. எஞ்சின், பிரேக், மின்கம்பி வேலைகளை மழைக்காலத்தில் கொட்டகைக்குள் செய்யலாம். தகடு வெட்டுதலையும் வண்ணம் பூசுதலையும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்களுக்கு ஒதுக்கலாம். ஈரக்காற்றில் பூசிய வண்ணம் வெண்மை படர்ந்து மங்கிவிடும். ஒரே இரவில் துரு பூத்த தகட்டின்மேல் பூசினால் சில மாதங்களில் கொப்புளிக்கும்.

கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் படமெடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாக்களில் பெயரெழுதி வைக்க வேண்டும். அக்காலப் பிரிட்டிஷ் கார்களின் போல்ட்டுகள் அங்குல அளவின. மில்லிமீட்டர் ஸ்பேனரால் திருகினால் அவற்றின் முனைகள் மழுங்கிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்து. உறுதியான தாங்கிகள் கட்டாயம் வேண்டும்.

அடிப்பகுதியை வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்புகளின் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து உடலின் வடிவத்தை நிலைநிறுத்த வேண்டும். தனிச்சட்டம் இல்லாத திறந்த காருக்கு இது இன்றியமையாதது. இதைச் செய்யாமல் விளிம்பை வெட்டினால் கார் தொய்ந்த நிலையிலேயே மீண்டும் பற்றவைக்கப்படும். அதன்பின் எந்தக் கதவும் சரியாகப் பொருந்தாது. அரித்த தகட்டை நல்ல உலோகம் தெரியும்வரை வெட்டி நீக்கிப் புதுத் தகடு பற்றவைப்பதே சரியான முறை. துருவின்மேல் பட்டி பூசுவது வெறும் மறைப்பு. ஹெரால்டில் அடிச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் உட்குழிவுகளில் துருத்தடுப்பு மெழுகைச் செலுத்தினால் உப்புக்காற்று உள்ளே புகாது.

எஞ்சின் எளிமையானது, உள்ளூர் மெக்கானிக்குகள் பலருக்கும் கைவந்தது. ஆயினும் கவனிக்க வேண்டியவை மூன்று. அக்காலப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய வழக்கப்படி மாற்றி இணைத்தால் மின்கருவிகள் பழுதாகும். பெட்ரோலில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்படுவதால் பழைய ரப்பர்க் குழாய்களும் கார்புரேட்டர் வளையங்களும் இளகிக் கசியக்கூடும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் பொருத்த வேண்டும். பல்லாண்டு நின்ற காரின் பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். திரவத்தோடு ரப்பர் வளையங்களையும் முழுமையாக மாற்றாமல் காரை நகர்த்தவே கூடாது.

துணிக்கூரையும் இருக்கைத் தையலும் இறுதிக்கட்டம். கூரைச்சட்டம் கண்ணாடி விளிம்போடு பொருந்துகிறதா என்று பார்த்த பின்னரே துணியை வெட்டக் கொடுக்க வேண்டும். நனைந்த கூரையை மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் முற்றிலும் உலர்ந்த பின் மடிப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் துணி நெடுநாள் உழைக்கும்.

பணத்தைத் திட்டமிடல்

இத்தகைய பணிகள் நடுவில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் திறமைக் குறைவு அன்று. பணத்தின் வரிசை தவறுவதுதான். பழைய கார் கடன்களுக்கு வங்கிகள் வாகனத்தின் வயதுக்கு வரம்பு வைத்திருப்பதால் அரை நூற்றாண்டுக் காரை ஈடாகக் காட்டிக் கடன் பெறுவது அரிது. எஞ்சியிருப்பவை தனிநபர்க் கடனும் நகைக்கடனும். ஓராண்டு என்று தொடங்கும் வேலை மூன்றாண்டு நீளுவது இத்துறையில் இயல்பு. வேலை நின்றாலும் வட்டி நிற்காது. நகை மீட்பும் தள்ளிப்போகும்.

ஆகவே அடித்தட்டு, இயந்திரம், வண்ணம், கூரை என நான்கு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொடர் வைப்புக் கணக்கு தொடங்குவது நல்ல முறை. ஒரு வைப்பு முதிர்ந்ததும் அக்கட்டப் பணியைத் தொடங்கலாம். அடித்தட்டு வேலையில் எதிர்பாராத அரிப்பு வெளிப்படுவது வழக்கம் என்பதால் முதற்கட்டத்திற்கே கூடுதல் இருப்பு தேவை.

காப்பீட்டிலும் கவனம் வேண்டும். ஐந்து ஆண்டுகளைக் கடந்த வாகனத்தின் காப்பீட்டு மதிப்பு, நிறுவனமும் உரிமையாளரும் உடன்பட்டு நிர்ணயிப்பது. புதுப்பித்ததற்கான பற்றுச்சீட்டுகளும் படங்களும் கையில் இருந்தால் நியாயமான மதிப்பைக் கோரலாம்.

விற்கும் எண்ணம் உடையோர் அறிய வேண்டிய வழக்கு ஒன்றுண்டு. சொந்தப் பயன்பாட்டுக்குரிய கார் மூலதன ஆதாய வரிக்கு உட்படாது என்பது பொது விதி. 1983இல் 20,000 ரூபாய்க்கு வாங்கப்பட்ட 1931ஆம் ஆண்டு ஃபோர்டு திறந்த கார் ஒன்று பின்னர் 21 லட்சம் ரூபாய்க்கு விற்கப்பட்டது. அதைச் சொந்தப் பயன்பாட்டுப் பொருளாக ஏற்க மும்பை உயர்நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஓட்டத் தகுதியான கார் என்பது மட்டும் போதாது. உரிமையாளர் உண்மையில் அதைப் பயன்படுத்தியதற்குச் சான்று வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். சாலைப் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்ட 'விஏ' பதிவுக் காருக்கு இத்தகைய சான்று காட்டுவது மேலும் கடினமாகலாம். எனவே எரிபொருள், பராமரிப்பு, காப்பீட்டு ரசீதுகளை ஆண்டுவாரியாகச் சேமித்து வைப்பதும், விற்பதற்கு முன் வரி ஆலோசகரைக் கலந்துகொள்வதும் நலம்.

இன்று கொட்டகையில் கார் வைத்திருப்பவர்கள் பதிவுச் சான்றையும் சட்ட எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கதவு இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளட்டும். இவ்விரண்டுக்கும் செலவு எதுவும் இல்லை. இரண்டும் சரியாக இருந்தால், முதல் தொடர் வைப்பைத் தயக்கமின்றித் தொடங்கலாம்.