பாவு முடிந்தால் அடுத்த பாவு

வெண்ணந்தூரில் ஒருவரிடம் நின்று பேச வேண்டுமென்றால் கரண்ட் போகும்வரை காத்திருக்க வேண்டும். விசைத்தறி ஓடும் தெருவில் காதும் காதும் உரசினாலும் பாதிப் பேச்சு போய்ச் சேராது. அன்று மூன்று மணிக்குக் கரண்ட் போனது. திடீரென்று ஊரே மூச்சை நிறுத்தியது போல இருந்தது. தறிப்பட்டறையிலிருந்து வெளியே வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பீடிகை எதுவும் இல்லாமல் கேட்டார்:

“ஏனுங்க சார், பையன் ஃபுட்பால் ஃபுட்பால்னே சுத்தறானுங்க. அதுல சோறு இருக்குதுங்களா?”

பையன் ஒன்பதாம் வகுப்பு. திண்ணை ஓரம் அவன் பூட்ஸ் கிடந்தது. முனை வாய் பிளந்துவிட்டதை, பாவு நூலை நாலாக முறுக்கி அவனே தைத்திருக்கிறான். தையல் பிசிறில்லாமல் இருந்தது. தறிக்காரர் வீட்டுக் கை.

இதே கேள்வியை கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்டிருந்தால் பதில் சுலபம். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வீசிக்கொண்டிருந்த நடராஜன், 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்காகப் பந்து வீசினார். வாழப்பாடியில் கிரிக்கெட் ஸ்டேடியம் இருக்கிறது. கண்ணால் பார்க்கக்கூடிய பாதை அது. கால்பந்துக்கு அப்படி விரலை நீட்டிக் காட்ட ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, நம் மாவட்டத்திலேயே. நாமக்கல் முத்துகாபட்டியில் 1989இல் பிறந்த நல்லப்பன் மோகன்ராஜ். கொல்கத்தாவில் மோகன் பகான், கோவாவில் ஸ்போர்ட்டிங், இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வந்த புதிதில் அத்லெடிகோ டி கொல்கத்தா என்று ஆடியவர். இடது பக்க டிஃபன்ஸ். மோகன் பகான் என்பது 1911இல் வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியைத் தோற்கடித்த கிளப். அந்தச் சட்டையைப் போட்ட ஒருவர் நம் பக்கத்துக்காரர். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேரிடம் அவர் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் மட்டும், “எந்தக் கட்சிங்க?” என்றார்.

டிஃபன்ஸ் ஆடுகிறவர்களின் தலையெழுத்தே அதுதான். கோல் போட்டவன் பெயர் பேப்பரில் வரும். கோல் விழாமல் தடுத்தவன் பெயர் வராது. ஆனால் கிளப்புகளுக்குத் தெரியும். இடது காலால் ஆடுகிற பேக் கிடைப்பது அரிது. பதினான்கு வயதில் ஒரு பையன் இடது காலால் ஒழுங்காகப் பந்தைக் கடத்தினால், டிரையல்ஸில் உட்கார்ந்திருப்பவர் பேனாவை எடுப்பார். பல வாழ்க்கைகள் அந்த ஒரு காலில்தான் தொடங்கியிருக்கின்றன.

இந்த அப்பாவுக்கு முகம் காட்டிச் சொல்ல வேண்டுமென்றால் சிவசக்தி நாராயணன்தான். சிவகங்கை மாவட்டம் கண்டனூர் பையன், 2001இல் பிறந்தவர். ராமன் விஜயனின் கால்பந்துப் பள்ளியில் ஆட்டம் கற்றார். ராமன் விஜயனும் தமிழர்தான். 1997–98 தேசிய லீக்கில் எஃப்.சி. கொச்சினுக்காக ஆடி, அந்த சீசனின் அதிக கோல் அடித்தவர். இன்றைய பையன்களுக்கு அந்தப் பெயர் தெரியாது என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம். அந்தப் பள்ளியிலிருந்து சிவசக்தி பெங்களூரு எஃப்.சி.க்குப் போனார். 2022 செப்டம்பரில் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டம், எதிரே மும்பை சிட்டி. முதல் கோல் சிவசக்தியுடையது. 2–1 என்று பெங்களூரு ஜெயித்தது. அடுத்து வந்த ஐ.எஸ்.எல். சீசனில் 6 கோல். இந்திய அணியின் கேப்டன் சுனில் சேத்ரியையே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு இந்தப் பையனை இறக்கினார்கள்.

அதன் பிறகு நடந்ததைத்தான் அந்த அப்பாவிடம் கொஞ்சம் நிறுத்திச் சொன்னேன். 2023 மார்ச் 18, கோவாவின் ஃபடோர்டா மைதானம், ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம். எந்தப் பையனும் கனவில் பார்க்கிற ராத்திரி. விசில் ஊதி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அடிபட்டு விழுந்தார் சிவசக்தி. எழுந்து ஆட முடியவில்லை. வெளியே கொண்டுபோனார்கள், சேத்ரி உள்ளே வந்தார். 120 நிமிடமும் பெனால்டியும் அவர் இல்லாமலே நடந்தன, பெங்களூரு தோற்றது. அந்த சீசனின் சிறந்த வளரும் வீரர் விருது சிவசக்திக்கே கிடைத்தது. வருஷம் முழுக்க உழைத்து எட்டிய ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்தது அந்தச் சில நிமிடம்.

“கை போன தறிக்காரனாட்டமா?” என்றார் அவர்.

கிட்டத்தட்ட அப்படித்தான். கால்பந்து வீரனுக்குச் சொத்து என்று இருப்பது இரண்டு முழங்கால். தசைநார் கிழிந்தால் குறைந்தது ஆறேழு மாதம் ஆட்டம் இல்லை. அதற்குள் அந்த இடத்தில் இன்னொருவன் வேரூன்றியிருப்பான். முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதில் பெரும்பாலும் கதை முடிந்துவிடும். நம் ஊரில் பலர் சொந்தமாகத் தறி போடுகிற வயது அது.

நடுவில் இருக்கிற பத்துப் பதினைந்து வருஷமும் பாவு கணக்குதான். தறியில் ஒரு பாவு தீரப்போகும்போதே அடுத்த பாவு வந்திருக்க வேண்டும். இழைக்கு இழை பிணைத்து ஓட்டிவிட்டால் தறி நிற்காது. வராவிட்டால் தறி சும்மா நிற்கும், கூலியும் நிற்கும். வீரனின் ஒப்பந்தமும் அந்த மாதிரிதான். ஒரு சீசன், இரண்டு சீசன் என்று ஓடும். முடிகிற வருஷம் நன்றாக ஆடினால் அடுத்தவர் அழைப்பார். முடிகிற வருஷம் முட்டியில் அடிபட்டால் போன் அடிக்காது.

சில சமயம் தறியே ஊர் மாறிவிடும். சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர் டெல்லி டைனமோஸ் அணியில் இருந்தார். 2019இல் அந்த கிளப்பே டெல்லியைக் காலி செய்துகொண்டு புவனேஸ்வரம் போய், ஒடிசா எஃப்.சி. என்று பெயர் மாற்றிக்கொண்டது. இவரும் கூடவே போனார். அங்கே நாலு வருஷம் ஆடிவிட்டு ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக 60ஆவது நிமிடம். வலது பக்கம் பந்தை வாங்கி, டிஃபண்டரை ஒரு பக்கம் சாய விட்டு, இடது காலால் வளைத்து மூலையில் போட்டார். இந்த இரண்டு கொல்கத்தா எதிரிகளும் மோதுகிற டெர்பியில் தொடர்ந்து எட்டு முறை தோற்றிருந்த ஈஸ்ட் பெங்கால் அன்று 1–0 என ஜெயித்தது. கொல்கத்தாவில் அந்த ராத்திரி அவர் ஓட்டலில் சாப்பிட்டிருந்தால் யாரும் காசு வாங்கியிருக்க மாட்டார்கள். சென்னையிலோ அவர் மாநகரப் பேருந்தில் நின்றுகொண்டு போகலாம்.

ஜெயித்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. நமக்குப் பக்கத்தில் கோயம்புத்தூரிலேயே அது நடந்தது. சென்னை சிட்டி எஃப்.சி. என்று பெயர், சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். 2019 மார்ச் 9, ஐ-லீக் கடைசி நாள். மினர்வா பஞ்சாப் முதலில் கோல் போட்டது. அதன் பிறகு சென்னை சிட்டி மூன்று போட்டது. 43 புள்ளியோடு சாம்பியன், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளி! சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் வந்து பங்கு வாங்கியது. கோவையில் கால்பந்துக்கு விடிந்துவிட்டது என்று நானும் நம்பினேன். அடுத்த சில வருஷத்தில் தேசிய லீக்கிலேயே அந்தப் பெயர் இல்லை.

ஏழை நாட்டுக் கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. சீனாவில் பணத்தை மூட்டையாகக் கொட்டினார்கள். ஷாங்காய் கிளப் ஒன்று பிரேசிலின் ஆஸ்காரை லண்டன் செல்சியிடமிருந்து சுமார் 6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அதே லீக்கில் ஜியாங்சு அணி 2020 நவம்பரில் சாம்பியன் ஆனது. 2021 பிப்ரவரியில் இழுத்து மூடிவிட்டார்கள். பின்னால் இருந்த சுனிங் நிறுவனம் கையை விரித்துவிட்டது, அவ்வளவுதான். கப்பைத் தூக்கிய கைகள் நூறு நாளில் வேலை தேடின. எட்டு முறை சாம்பியனான குவாங்சோ கிளப்பும் 2025 ஜனவரியில் கலைந்தது. சீன வீரனின் அப்பாவும் எங்கோ ஒரு திண்ணையில் உட்கார்ந்து இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்.

நம்மிடம் நடந்தது அதைவிட விநோதம். 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்தி வைத்தார்கள். லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் 2010இல் போட்ட பதினைந்து வருட ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிய இருந்தது, புதிது கையெழுத்தாகியிருக்கவில்லை. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் முதல் அணியின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. சேத்ரி ஆடிக்கொண்டிருந்த கிளப்பிலேயே இந்த நிலை. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் லீக் அந்த வருஷம் தொடங்கவே இல்லை. பாவு போடுகிற முதலாளிகள் இருவர் பேசி முடிக்காததால் தறிகள் எல்லாம் நின்றன.

இதனால்தான் அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். சென்னை லீக்கில் ஐ.சி.எஃப்., கஸ்டம்ஸ், இந்தியன் பேங்க் என்று டிபார்ட்மென்ட் அணிகள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் உள்ளே போனால் காலையில் பயிற்சி, மதியம் ஆபீஸ், முட்டி போனாலும் பென்ஷன் உண்டு. பெயர் கொல்கத்தா வரை போகாது. வீட்டு வாடகை நிற்காது. எனக்குத் தெரிந்து ஆட்டத்தை ஆசைதீர ஆடிவிட்டு நிம்மதியாக ரிடையர் ஆனவர்கள் இவர்கள்தான். இப்போது அந்த வேலைகளுக்கும் முன்போல ஆள் எடுப்பதில்லை.

“அப்ப வேண்டாங்கறீங்களா?”

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரிந்த சட்டத்தைச் சொன்னேன். பதினெட்டு வயதுக்கு முன் தொழில்முறை ஒப்பந்தம் போட்டால் மூன்று வருஷத்துக்கு மேல் போடக் கூடாது. அது ஃபிஃபா விதி. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, பதினைந்து நாள் அவகாசம் விட்டு, அதற்கும் பணம் வராவிட்டால் வீரன் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம். அதுவும் விதியில் இருக்கிறது. பையனைப் பன்னிரண்டு வயதிலிருந்து வளர்த்த பதிவுபெற்ற கிளப்புக்கு, பின்னால் அவன் ஒப்பந்தம் முடியுமுன் பெரிய தொகைக்குக் கைமாறும்போது அதில் பங்கு உண்டு. எல்லாக் கிளப்பையும் சேர்த்து ஐந்து சதவீதம் வரை. வெண்ணந்தூரில் பதிவுசெய்த கிளப் ஒன்றைத் தொடங்கினால் ஊருக்கும் ஏதாவது வரும் என்று, கொஞ்சம் அதிகமாகவே, கனவு காட்டினேன்.

அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. ஆனால் காது கொடுத்துக் கேட்டார். பையன் இதற்குள் பூட்ஸை மாட்டிக்கொண்டு, முட்டைத் தட்டு கட்டிய சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, ஒரு பழைய பந்தைச் சந்தில் தட்டிக்கொண்டிருந்தான். எந்தக் கால் என்று நான் எட்டிப் பார்த்தேன். இரண்டும்.

கரண்ட் வந்தது. தெரு முழுக்க நாடா அடிக்கிற சத்தம் ஒரே நேரத்தில் எழுந்தது. அவர் பட்டறை வாசலில் கால் வைத்தவர் திரும்பி வந்து, என் காதருகே குனிந்து கத்தினார்:

“அந்த ரெண்டு மாசச் சம்பளக் கணக்க இன்னொருக்காச் சொல்லுங்க!”