செல்பேசி ரூபாய் நோட்டை அடையாளம் காண்பது எப்படி?

பார்வையற்றவர் தடவிப் பார்த்தே 100 ரூபாய் நோட்டையும் 200 ரூபாய் நோட்டையும் பிரித்தறிவது ஏன் கடினம்? இன்றைய 100, 200, 500 ரூபாய் நோட்டுகளின் அகலம் ஒன்றே: 66 மில்லிமீட்டர். நீளம் மட்டும் 142, 146, 150 என்று 4 மில்லிமீட்டர் வீதம் கூடிக்கொண்டே போகிறது. 100-இல் முக்கோணம், 500-இல் வட்டம் என மேடாக அச்சிட்ட குறிகள் உண்டு. பல கை மாறியதும் அவை தேய்ந்துவிடுகின்றன.

இந்தச் சிக்கலுக்காகவே ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று ‘மணி’ என்ற இலவசச் செயலியை வெளியிட்டது. கேமரா முன் நோட்டைப் பிடித்தால் மதிப்பைக் குரலில் சொல்லும், அதிர்வாலும் உணர்த்தும். பாதியாக மடித்த நோட்டையும் அறியும். இணையம் தேவையில்லை.

நோட்டை அது அறிவது எப்படி? பொருள்களை அடையாளம் காணும் மென்பொருளைப் பல கோணங்களிலும் பல வெளிச்சங்களிலும் எடுத்த ஏராளமான படங்களைக் கொண்டு பழக்குகிறார்கள். நிறம், விளிம்பு, வடிவம் எல்லாம் அதற்கு எண்கள்தான். புதிய படத்தின் எண்கள் பழகிய எந்த வகையோடு மிக நெருங்குகின்றனவோ, அதுவே விடை.

இந்தச் செயலி கள்ளநோட்டைக் கண்டுபிடிக்காது. ஆனாலும் கடையில் வாங்கிய மீதியைப் பிறர் துணையின்றிச் சரிபார்க்க முடிகிறது. தன் பணத்தைத் தானே எண்ணிக்கொள்வது ஒவ்வொருவருக்கும் உரிமை; அதற்கு உதவுவதே நல்ல தொழில்நுட்பம்.