ஆடுவது ஜாப்பா, சக்கா?

ஒசூர் சிப்காட்டில் ஏதாவது ஒரு டூல் ரூமுக்குள் எட்டிப் பாருங்கள். லேத்தில் சுற்றும் ஜாப்பின் மேல் டயல் கேஜை வைக்கிறார் ஆபரேட்டர். முள் சில மைக்ரான் ஆடுகிறது. கோணல் ஜாப்பிலா, அதைப் பிடித்திருக்கும் சக்கிலா? கழற்றி, அரைச் சுற்று திருப்பி மாட்டினால் தெரிந்துவிடும். வானியலாளர்களுக்கும் இதே சந்தேகம் வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அவர்களால்தான் கழற்றி மாட்ட முடியாது.

1993-ல் ஆர்ட்டி ஹாட்ஸஸ், வில்லியம் காக்ரன் என்ற இருவர், மூன்று ராட்சத நட்சத்திரங்கள் நம்மை நோக்கி வருவதும் விலகுவதுமாக ஆடுகின்றன என்று அறிவித்தார்கள். மூன்றும் நம் பஞ்சாங்கத்துக்குச் சொந்தம்: ரோகிணி, சுவாதி, புனர்பூசத்தின் போலக்ஸ். பங்குனி நடுவில் இரவு ஒன்பது மணிக்கு மொட்டை மாடி ஏறினால், மேற்கே ரோகிணி, கிட்டத்தட்ட உச்சியில் போலக்ஸ், கிழக்கே அப்போதுதான் எழும் சுவாதி. சிப்காட் வெளிச்சத்தையும் மீறித் தெரியும்.

போலக்ஸ் 34 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. விட்டம் சூரியனைப்போல் சுமார் 9 மடங்கு. 2006-ல் அதற்கு ஒரு கோள் இருப்பதாக முடிவு கட்டினார்கள். குறைந்தது இரண்டு வியாழன் எடை. ஒரு சுற்றுக்கு சுமார் 590 நாள். 2015-ல் தெஸ்டியாஸ் என்று பெயரும் வைத்தாயிற்று. கோளை யாரும் பார்க்கவில்லை. அது இழுக்கும் இழுப்பில் நட்சத்திரம் நொடிக்கு சுமார் 45 மீட்டர் வேகத்தில் அசைகிறது. அதனால் ஒளியின் அலைநீளம் பத்துக் கோடியில் பதினைந்து பங்கு நகர்கிறது. அளந்தது அவ்வளவுதான்.

இப்படி ஒளியைப் பிரித்துப் பார்க்கும் கருவி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து திருப்பத்தூர் வழியாக ஆலங்காயம் தாண்டினால் ஜவ்வாது மலையில் காவலூர். அங்கே 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஒளியை இழைவழியே தனி அறைக்குக் கொண்டுபோய் நிறம் பிரிக்கிறார்கள். தொலைநோக்கியோடு சேர்த்துத் தொங்கவிட்டால் கருவியே அசையும், வெப்பமும் மாறும்.

கருவியை அசையாமல் வைத்துவிடலாம். நட்சத்திரத்தை என்ன செய்வது? ராட்சத நட்சத்திரத்தின் மேற்பரப்பு கொதித்துப் புரள்கிறது, விம்முகிறது, புள்ளிகளோடு மெல்லச் சுழல்கிறது. ஒவ்வொன்றும் கோள் இழுப்பதுபோலவே கணக்கில் தெரியும். காமா டிராகோனிஸ் என்ற நட்சத்திரம் 702 நாள் தாளத்தில் எட்டு வருஷம் பிசகாமல் ஆடியது. 2011-ல் ஆட்டம் நின்றது. 2014-ல் தாளம் தப்பித் திரும்பி வந்தது. நிஜக் கோள் லீவு போடுமா? ரோகிணிக்கும் 2015-ல் ஒரு கோளை அறிவித்து, 2019-ல் சந்தேகத்துக்குரியது என்றார்கள். சுவாதியில் இன்றுவரை ஒன்றும் உறுதியாகவில்லை.

இவ்வளவு தொல்லை இருந்தும் ராட்சதர்களை விட முடியாததற்குக் காரணம் உண்டு. சூரியனைவிடக் கனமான நட்சத்திரங்கள் இளமையில் வெகு வேகமாகச் சுழலும், நிறமாலையில் கோடுகளும் குறைவு. முதுமையில் உப்பி, ஆறி, மெதுவான பிறகுதான் அவற்றை அளக்கவே முடிகிறது.

உறுதி என்று நம்பிய போலக்ஸிலும் 2021-ல் ஒரு சிக்கல். அதற்குப் பலவீனமான காந்தப்புலம் இருக்கிறது, அது சுமார் 660 நாளுக்கு ஒருமுறை மாறுகிறது என்று ஒரு குழு காட்டியது. அது நட்சத்திரத்தின் சுழற்சியாக இருக்கலாம். கோளின் 590 நாளுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. என் ஊகம் கோளின் பக்கம்தான். கால் நூற்றாண்டுக்கு மேல் தாளம் மாறாத ஆட்டம் அது. ஆனாலும் அந்தக் குழு தன் கட்டுரைத் தலைப்பிலேயே, இருக்கக்கூடிய கோள் என்றுதான் எழுதியிருக்கிறது.