ஒரு மணி நேரப் பயணம்!

மூத்த மகள் சிங்கப்பூரில், இளையவள் கோலாலம்பூரில். போன வருஷம் இளையவளுக்குப் பிரசவ வலி என்றதும், "கவலைப்படாதேம்மா, 300 கிலோமீட்டர்தான். விமானத்தில் ஒரு மணி நேரம்" என்று கிளம்பினாள் பெரியவள். எங்க செஞ்சியிலிருந்து சென்னை அதில் பாதி தூரம். பஸ்ஸில் 4 மணி நேரமாகுமே என்று அதிசயித்தேன்.

அங்கே காலை 10 மணி விமானம், நமக்கு 7.30. எனவே 8.30-லிருந்து போனையே பார்த்தபடி தவித்தேன். 11 மணிக்குத்தான், "பேத்தி பிறந்திருக்காம்மா!" என்றாள். பாஸ்போர்ட் சோதனை, பெட்டிக்குக் காத்திருப்பு, அப்புறம் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகவே 50 கிலோமீட்டருக்கு மேலாம்!

சகோதரிகளே, பிள்ளைகள் "ஒரு மணி நேரம்" என்றால் விமானம் பறக்கும் நேரம் மட்டுமே அது. வீட்டுக்கு வீடு எத்தனை மணி நேரம் என்று கேட்டு வையுங்கள். வீண் பதைப்பு மிச்சம்!

- ஒரு வாசகி, செஞ்சி.