உடைந்த வார்ப்பிரும்பில் ஒரு தொழில்

இராணுவத்தின் மின், இயந்திரப் பொறியியல் படையணியில் 22 வருடங்கள் வெல்டிங், லேத் வேலை பார்த்துவிட்டு ஓய்வூதியத்தோடு சம்மாந்துறைக்குத் திரும்பினேன். ஊரில் கேற்றும் கிறிலும் செய்யும் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் உடைந்த வார்ப்பிரும்பை நம்பிக் கொடுக்க ஓர் இடம் இருக்கவில்லை. அரிசி ஆலை, உழவு இயந்திரம், தண்ணீர்ப் பம்பு எல்லாவற்றிலும் இருப்பது வார்ப்பிரும்புதான். 2022 இல் டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது, புதிய பாகம் வாங்கத் தயங்கியவர்கள் பழையதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

முதல் மாதமே ஒரு பாடம் கிடைத்தது. அரிசி ஆலை முதலாளி ஒருவர் வெடித்த பெயரிங் கூடு ஒன்றைக் கொண்டு வந்தார். "தம்பி, போகம் வெட்டுற நேரத்தில மில் நிண்டு போச்சு" என்றார். அவசரத்தில் சாதாரண இரும்புக் கூரால் ஒரே மூச்சில் ஒட்டிக் கொடுத்தேன். இரவோடிரவாக ஒட்டின் அருகே புதிதாக வெடித்தது. புதிய கூட்டின் விலையை என் பணிக்கொடைப் பணத்திலிருந்து கொடுத்தேன்.

பிழை எங்கே? முகாமில் வார்ப்பிரும்பு உடைந்தால் களஞ்சியத்திலிருந்து புதியது வரும். நாங்கள் ஒட்டியதெல்லாம் உருக்கு. வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை கரி உண்டு. சூடேறிச் சட்டென்று ஆறினால் ஒட்டின் ஓரம் கண்ணாடி போல் இறுகி வெடிக்கும். அன்றிலிருந்து என் வேலைமுறை இதுதான்:

முதலில் கிரைண்டரில் தொட்டுப் பார்ப்பேன். மங்கிய சிவப்பில் குறுகிய பொறி பறந்தால் வார்ப்பிரும்பு. பிரகாசமாக நீண்டு பறந்தால் உருக்கு. பிறகு மண்ணெண்ணெய் பூசித் துடைத்து சோக்குத் தூள் தூவினால், வெடிப்பு எதுவரை ஓடுகிறதென்று கோடாகத் தெரியும். அதன் இரு முனையிலும் 3 மில்லிமீற்றர் துளையிட்டால் மேலும் ஓடாது. ஊறிய எண்ணெயைச் சூடாக்கிப் போக்கி, நிக்கல் கூரால் ஓர் அங்குலம் மட்டும் ஒட்டி, சூட்டோடு சுத்தியலால் மெதுவாகத் தட்டி, கை வைக்கக்கூடிய அளவுக்கு ஆறிய பின்னரே அடுத்த அங்குலம். இறுதியில் உமிச் சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிடுவேன். சூட்டில் கோணக்கூடிய இயந்திர உடல்களை ஒட்டுவதில்லை. துளையிட்டு, பூட்டுத் தகடும் திருகாணியும் இறக்கித் தைக்கும் குளிர் முறையையே கையாள்கிறேன்.

தொழில் தொடங்க நினைப்போருக்குச் சில வார்த்தைகள். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். அனுமதிப்பத்திரம், சுற்றாடல் உரிமம் பற்றி உள்ளூராட்சி சபையில் முன்கூட்டியே விசாரியுங்கள். படையில் கற்ற கைவேலைக்கு முன்கற்றல் அங்கீகார முறையில் என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம். சீருடையைக் கழற்றிய பிறகு வங்கியும் ஆலைக்காரரும் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

விலை சொல்வதில் அவசரம் வேண்டாம். முகாமில் நேரத்துக்குக் கணக்கில்லை; கடையில் ஆறவிடும் நேரமும் செலவுதான். நான் பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் எடுக்கிறேன். பழுதுபார்ப்புச் செலவு புதிய பாகத்தின் பாதி விலையைத் தாண்டினால், "புதியது வாங்குங்கள்" என்று சொல்லிவிடுவேன். ஸ்டியரிங், பிரேக், பாரம் தூக்கும் கொக்கி ஆகியவற்றை எவ்வளவு தந்தாலும் தொடுவதில்லை. அங்கே ஒட்டு விட்டால் போவது பணமல்ல, உயிர்.

ஆலை வைத்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். பாகம் வெடித்தால் கண்ட கூரால் ஒட்டிப் பார்த்துவிட்டுக் கொண்டு வராதீர்கள். முதல் ஒட்டு பிழைத்தால் அதை வெட்டியெடுப்பதே பாதி வேலை.

அந்தப் பெயரிங் கூட்டு முதலாளி அடுத்த போகத்தில் திரும்பி வந்தார். அவர் கொண்டு வந்ததைப் பார்த்துவிட்டு, "இது சரிவராது ஹாஜியார்" என்றேன். சிரித்துக்கொண்டே போனவர், மறு வாரம் மூன்று வேலைகளை அனுப்பி வைத்தார்.